வேலைப் பட்டியலை எழுதுங்கள், படம் தானாக வரும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் திட்ட அட்டவணை தயாரிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விரிதாளில் ஒரு வேலைக்கு ஒரு வரிசை, ஒரு நாளுக்கு ஒரு கட்டம் என்று பிரித்து, வேலை நடக்கும் நாள்களுக்கு வண்ணம் அடித்தால் கான்ட் விளக்கப்படம் தயார் என்று படிப்படியாகச் சொல்லியிருந்தார்கள். படங்கள் தெளிவாக இருந்தன. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பலர் அதை வெட்டியே வைத்திருப்பார்கள். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். அந்த வழியில் 6 ஆண்டுகள் போனவள் நான். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும்.

திட்ட ஒருங்கிணைப்பாளராக 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். யார், எதை, எப்போது முடிக்க வேண்டும் என்று கேட்டு எழுதுவதும், முடியாதபோது மற்றவர்களுக்குச் சொல்வதும்தான் என் அன்றாடம். முதல் 6 ஆண்டுகள் நானும் கட்டங்களுக்கு வண்ணம்தான் அடித்தேன். நீலம் நடக்கிற வேலை, பச்சை முடிந்தது, சிவப்பு தாமதம். கூட்டத்தில் திரையில் போட்டால் எல்லோரும் தலையசைப்பார்கள்.

ஒரு நூலகத்தின் நூற்பட்டியலைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை அப்போது என்னிடம் வந்தது. பழைய தரவில் ஒரே ஆசிரியரின் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்தது. அதைச் சுத்தம் செய்ய நினைத்ததைவிட 3 நாள் கூடுதலாகத் தேவைப்பட்டது. சரி என்று அட்டவணையைத் திறந்து, சுத்தம் செய்யும் வேலையின் பட்டையை 3 கட்டம் நீட்டினேன். அடுத்து வரும் சோதனை ஏற்றத்தை, அதாவது தரவைப் புதிய மென்பொருளில் ஏற்றிப் பார்க்கும் வேலையை, 3 கட்டம் தள்ளினேன். பிழை திருத்தத்தையும் தள்ளினேன். பணியாளர் பயிற்சி என்ற வரிசை திரைக்குக் கீழே, உருட்டிப் பார்த்தால்தான் தெரியும் இடத்தில் இருந்தது. அதைத் தள்ளவில்லை. சோதனை ஏற்றம் முடிந்தால்தான் பயிற்சி நடத்த முடியும் என்பது அந்தத் தாளில் எங்கேயும் எழுதப்படவில்லை. அது என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

பயிற்சி நாளன்று 22 பேர் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். புதிய மென்பொருளில் ஒரு புத்தகம்கூட இல்லை. எதைத் தேடினாலும் எதுவும் வரவில்லை. அன்று அவர்கள் முன்னால் நின்றதை இன்றும் மறக்கவில்லை. அந்தப் பயிற்சியை மறுபடி வைக்க எல்லோருக்கும் பொதுவான நாள் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. 3 நாள் தாமதம் இப்படித்தான் இரண்டு வாரமாக வளர்ந்தது.

வண்ணக் கட்டத்தின் சிக்கல் இதுதான் ஆசிரியர் அவர்களே. எந்த வேலை எந்த நாளில் என்று அது காட்டும். ஏன் அந்த நாளில் என்று அதற்குத் தெரியாது. பட்டை அங்கே இருப்பதற்கான காரணம் வரைந்தவரின் நினைவில் இருக்கிறது. அவர் மறந்தாலோ, விடுப்பில் போனாலோ, அட்டவணை வெறும் கோலமாகிவிடும்.

இதற்கு மாற்று எளிது. முதலில் வேலைகளை எழுத்தில் எழுதுங்கள். நோட்பேடில் திறக்கிற சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போதும். பெரிய வேலையை ஒரு வரியில் எழுதி, அதற்குள் அடங்கும் சிறிய வேலைகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுத வேண்டும். ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்திலும் எத்தனை நாள், எதற்குப் பின் என்று இரண்டே இரண்டு விவரம். அந்த நூலக வேலையை இன்றைக்கு நான் இப்படி எழுதுவேன்:

நூற்பட்டியல் மாற்றம்
    தரவு
        பழைய தரவை எடுத்தல்: 4 நாள்
        தரவைச் சுத்தம் செய்தல்: 10 நாள், எடுத்தலுக்குப் பின்
    கணினி
        புதிய சர்வர் நிறுவுதல்: 6 நாள்
        சோதனை ஏற்றம்: 3 நாள், சுத்தம், சர்வர் இரண்டுக்கும் பின்
        பிழை திருத்தம்: 4 நாள், சோதனை ஏற்றத்துக்குப் பின்
    ஆட்கள்
        பயிற்சி: 5 நாள், சோதனை ஏற்றத்துக்குப் பின்
    இறுதி ஏற்றம்: 2 நாள், திருத்தம், பயிற்சி இரண்டுக்கும் பின்

இதில் ஒரு தேதிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். தொடங்கும் நாளை மட்டும் தனியாக ஓர் இடத்தில் சொன்னால் போதும், மற்ற தேதிகள் எல்லாம் கணக்கிலிருந்து வரும். கணக்கும் பள்ளிக் கணக்குதான். தரவை எடுப்பது 4-ஆம் நாள் முடிகிறது, சுத்தம் செய்வது 14-ஆம் நாள் முடிகிறது. சர்வர் 6-ஆம் நாளே தயார். ஆனால் சோதனை ஏற்றத்துக்கு இரண்டும் வேண்டும் என்பதால் அது 15-ஆம் நாள்தான் தொடங்கும், 17-இல் முடியும். திருத்தம் 21-இல் முடிகிறது, பயிற்சி 22-இல் முடிகிறது. இரண்டும் முடிந்த பிறகு இறுதி ஏற்றம், 24-ஆம் நாள் முடிகிறது.

இப்போது கடைசியிலிருந்து திரும்பி வாருங்கள். 24-ஆம் நாள் முடிய வேண்டுமானால் பயிற்சிக்கு ஒரு நாள்கூடத் தளர்வு இல்லை. திருத்தம் ஒரு நாள் தாமதமானால் பரவாயில்லை. சர்வர் 8 நாள் தாமதமானாலும் யாருக்கும் எதுவும் ஆகாது. எடுத்தல், சுத்தம், சோதனை ஏற்றம், பயிற்சி, இறுதி ஏற்றம் என்று தளர்வே இல்லாத இந்தச் சங்கிலியைத்தான் கிரிட்டிக்கல் பாத் என்கிறார்கள். என் பழைய அட்டவணையில் சர்வர் வரிசைதான் எப்போதும் சிவப்பில் இருந்தது. சர்வர் ஆட்களைத்தான் தினமும் தொலைபேசியில் விரட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் போய் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் தரவைச் சுத்தம் செய்தவர்களின் மேசை. அந்த இரண்டு பேருக்கு இன்னொருவரைத் துணைக்குக் கொடுத்திருந்தால் வேலை நேரத்துக்கு முடிந்திருக்கும். பட்டியலை எழுத்தில் எழுதியிருந்தால் முதல் நாளே எனக்கு அது தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் தெரிந்திருக்கும். பிழை திருத்தமும் பயிற்சியும் ஒரே நாளில் தொடங்குவதாகத்தான் கணக்கு சொல்கிறது. இரண்டையும் செய்யப்போவது ஒரே ஆள் என்றால்? ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அவர் இருக்க முடியாது. திருத்தம் 21-இல் முடிந்து, அதன்பின் பயிற்சி 26-இல் முடிந்து, இறுதி ஏற்றம் 28-ஆம் நாளுக்குப் போகும். வாரத்துக்கு 5 வேலை நாள், திங்களன்று தொடக்கம் என்று வைத்தால், ஐந்தாம் வாரம் வியாழன் முடிய வேண்டியது ஆறாம் வாரம் புதனுக்குப் போகிறது. ஒவ்வொரு வரியிலும் ஆளின் பெயரையும் எழுதினால்தான் இது வெளியே வரும். வண்ணக் கட்டத்தில் இரண்டு பட்டைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக அழகாக உட்கார்ந்திருக்கும், ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்தது இல்லை. இந்தத் துறையின் தொடக்கத்தைப் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஹென்றி கான்ட்டின் பெயரில் நாம் சொல்லும் இந்தப் படம் 1910-களில் பரவியது. அதற்கு முன்பே, 1896-இல், கரோல் அடாமியெட்ஸ்கி என்ற போலந்துப் பொறியாளர் ஹார்மோனோகிராம் என்ற ஒன்றை உருவாக்கியிருந்தார். வேலைக்கு ஒரு காகிதப் பட்டை, அதன் நீளமும் இடமும் காலத்தைக் காட்டும். பட்டையின் தலைப்பில் வேலையின் பெயர், அதற்கு ஆகும் காலம், அதற்கு முன்னால் முடிய வேண்டிய வேலைகள் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். ஒரு வேலை தள்ளிப்போனால், தலைப்பைப் படித்து எந்தெந்தப் பட்டையை நகர்த்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். அவர் இதைப் போலிஷ் மொழியில் விரிவாக வெளியிட்டது 1931-இல். அதற்குள் கான்ட்டின் படம் உலகம் முழுக்கப் போய்விட்டது. அந்தப் பழைய பட்டைப் படங்களில் வேலைகளுக்கு இடையிலான சார்பு, அதாவது எது எதற்குப் பின் என்பது, இல்லை. பட்டை வந்தது, தலைப்பில் இருந்த எழுத்து வரவில்லை. எனக்கு நேர்ந்த பயிற்சி நாள் இழப்பை நினைக்கும்போதெல்லாம் அந்தக் காகிதத் தலைப்புதான் நினைவுக்கு வருகிறது.

சார்பைக் கணக்கில் சேர்க்கும் முறை பரவலாக வந்தது 1950-களின் கடைசியில்தான். 1957 வாக்கில் டூபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து கிரிட்டிக்கல் பாத் முறையை யூனிவாக் கணினியில் செய்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-இல் பெர்ட் என்ற திட்டமிடும் முறை வந்தது. இந்த இரண்டுக்குமே கணினிக்குள் போனது படம் இல்லை. வேலை, காலம், எதற்குப் பின் என்ற பட்டியல்தான். அப்புறம் மவுசும் திரையும் வந்தபோது நாம் எல்லோரும் பட்டையைப் பிடித்து இழுக்கப் பழகிவிட்டோம்.

பெர்ட் முறையில் ஒன்றை நான் இன்றும் என் டெக்ஸ்ட் ஃபைலில் பயன்படுத்துகிறேன். ஒரு வேலைக்கு எத்தனை நாள் என்று கேட்டால் பலரும் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அதற்காகவே பயப்படுவார்கள். நான் மூன்று எண் கேட்பேன்: எல்லாம் சரியாக நடந்தால் எத்தனை, வழக்கமாக எத்தனை, எல்லாம் கெட்டால் எத்தனை. 2, 4, 9 என்று சொன்னால், நடு எண்ணை 4-ஆல் பெருக்கி, மூன்றையும் கூட்டி, 6-ஆல் வகுத்தால் நாலரை நாள். வரியில் 2-4-9 என்றே எழுதி வைப்பேன். அந்த 9 ஏன் என்று அடுத்த முறை கேட்க அது உதவும். பெரும்பாலும் அந்த 9-க்குள் ஒரு சொல்லப்படாத சார்பு ஒளிந்திருக்கும். யாரோ ஒருவரின் ஒப்புதல், எங்கிருந்தோ வர வேண்டிய கடவுச்சொல், இப்படி.

சரி, எழுத்திலிருந்து படம் எப்படி வரும்? இதற்கான கருவிகள் நிறைய இருக்கின்றன, நான் அன்றாடம் தொடுகிற மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூன்றும் இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள்கள்.

மெர்மெய்ட் என்பது 2014-இல் வந்தது. முதல் வரியில் இது கான்ட் படம் என்று சொல்லிவிட்டு, வேலையின் பெயர், முக்காற்புள்ளி (:), அந்த வேலையைச் சுட்ட ஒரு சிறு அடையாளம், எதற்குப் பின், எத்தனை நாள் என்று வரிவரியாக எழுதினால் உலாவியிலேயே படம் வரும். வார இறுதி நாள்களை விலக்கு என்று ஒரு வரி சேர்த்தால் பட்டைகள் தானாக நீளும். 2022 முதல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில், எளிய குறிகளோடு எழுதும் மார்க்டவுன் கோப்புக்குள்ளேயே இதை எழுதலாம் என்பதால் மென்பொருள் எழுதுபவர்கள் பலருக்கும் பழக்கம். பிளான்ட்யூஎம்எல் 2009-இல் தொடங்கியது. அதில் வேலையின் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதி, இது இத்தனை நாள் எடுக்கும், இது அந்த வேலையின் முடிவில் தொடங்கும் என்று ஏறக்குறைய வாக்கியமாகவே எழுதலாம். கட்டளை என்றாலே ஒதுங்குகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் காட்டுகிறேன்.

ஒரு எச்சரிக்கை, இதை நான் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எதற்குப் பின் என்று எழுதாமல் விட்டுவிட்டால், மெர்மெய்ட் அந்த வேலையை அதற்கு மேலே உள்ள வரி முடிந்ததும் தொடங்குவதாக எடுத்துக்கொள்ளும். பிளான்ட்யூஎம்எல் அதையே திட்டத்தின் முதல் நாளில் கொண்டுபோய் வைக்கும். ஒரே பட்டியல், இரண்டு வேறு படம், இரண்டிலும் பிழைச் செய்தி கிடையாது. அதனால் முதல் நாளில் தொடங்கும் வேலையாக இருந்தாலும் அதை வாய்விட்டு எழுதிவிடுவது என் பழக்கம். இன்னொன்று, மெர்மெய்டில் ஒரு வேலையை நெருக்கடியானது என்று குறித்தால் அது சிவப்பாகும், அவ்வளவுதான். எது கிரிட்டிக்கல் பாத் என்று அது கணக்குப் போட்டுச் சொல்வதில்லை. சிவப்பைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

ஆட்களையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்றால் டாஸ்க்ஜக்லர்தான். கற்க நேரம் எடுக்கும், ஆனால் எனக்கு மனதுக்குப் பிடித்த கருவி அதுதான். காரணம், அது காலத்தை மூன்றாகப் பிரித்துக் கேட்கிறது. உழைப்பு, வேலை நாள், நாள்காட்டி நாள். தரவைச் சுத்தம் செய்வது 10 நாள் உழைப்பு என்றால், முழு நேரமாக இரண்டு பேரைப் போட்டால் 5 நாளில் முடியும். ஒரு வாரக் கூட்டம் என்பது வேலை நாள், ஆள் கூடினாலும் குறையாது. சுவரில் அடித்த வண்ணம் காய்வது நாள்காட்டி நாள், ஞாயிற்றுக்கிழமையும் காயும். ‘10 நாள்’ என்று யாராவது சொல்லும்போது இந்த மூன்றில் எது என்று கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த மென்பொருள்தான். ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு முழு வேலைக்குப் போடவும் அது விடாது. நான் மேலே சொன்ன 28-ஆம் நாள் அதில் தானாக வந்து நிற்கும். அ-வுக்குப் பின் ஆ, ஆ-வுக்குப் பின் அ என்று சுற்றிச் சுற்றி எழுதியிருந்தால் அட்டவணை போட மறுத்து, பிழை என்று சொல்லிவிடும். பெரிய பட்டியலில் இப்படிச் சுற்று விழுவது நீங்கள் நினைப்பதைவிட அதிகம், இரண்டு துறைகள் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும்போது பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஈமாக்ஸ் என்ற எழுத்துத் திருத்தியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு 2003-இல் கார்ஸ்டன் டொமினிக் தொடங்கிய ஆர்க் மோட் இருக்கிறது. நட்சத்திரக் குறி போட்ட தலைப்புகளாக வேலையை எழுதி, அங்கிருந்தே டாஸ்க்ஜக்லருக்கு ஏற்றுமதி செய்யலாம்.

தமிழில் எழுத முடியுமா என்று அலுவலகத்தில் கேட்பார்கள். வேலைப் பெயர்களைத் தாராளமாகத் தமிழில் எழுதலாம், நான் எழுதுகிறேன். கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலம். அடையாளங்களை ஆங்கில எழுத்தில் சின்னதாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு. படமாக மாற்றும் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வரும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 03-04 என்றால் ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்று இரண்டு அலுவலகங்கள் வேறு வேறாகப் புரிந்துகொண்டு நான் பட்டது போதும். இதற்காகவே 1988-இலிருந்து ஐஎஸ்ஓ 8601 என்ற தரம் இருக்கிறது. அப்படி எழுதினால் அகர வரிசையில் அடுக்கினாலே கால வரிசை வந்துவிடும்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். திட்டம் மாறும். மாறாத திட்டத்தை நான் பார்த்ததே இல்லை. மாறும்போது என்ன மாறியது என்று தெரிவதுதான் பெரிது. போன வார அட்டவணையையும் இந்த வார அட்டவணையையும் வண்ணக் கட்டங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பாதிப் பட்டைகள் நகர்ந்திருக்கும், எது காரணம் எது விளைவு என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போகும். டெக்ஸ்ட் ஃபைலாக இருந்தால் இரண்டையும் ஒப்பிட டிஃப் என்ற கட்டளை இருக்கிறது. 1974-லேயே யூனிக்ஸ் இயங்குதளத்துடன் வந்த கட்டளை அது. போன மாதம் ஒரு திட்டத்தில் முடிவு நாள் 5 நாள் தள்ளிப்போனதும் மேலிடத்திலிருந்து காரணம் கேட்டார்கள். நான் அனுப்பிய பதில் இரண்டே வரி. கழித்தல் குறியோடு பழைய வரி: ‘படிவ வடிவமைப்பு, 7 நாள்’. கூட்டல் குறியோடு புதிய வரி: ‘படிவ வடிவமைப்பு, 12 நாள், சட்டப் பிரிவின் ஒப்புதலுக்குப் பின்’. யாரையும் குறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. சட்டப் பிரிவில் அன்றே ஒருவரை இதற்கென்று ஒதுக்கினார்கள். 5 நாள் 2 நாளாகக் குறைந்தது. கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளில் சேமித்து வைத்தால் எந்த நாளில், யார், எந்த வரியை மாற்றினார்கள் என்பதும் கூடவே நிற்கும்.

இதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். திருத்தம் எழுத்தில் மட்டும்தான். எங்கள் குழுவில் ஒருவர் எழுத்திலிருந்து வந்த படத்தை வேறொரு மென்பொருளுக்குள் ஏற்றி, அங்கே ஒரு பட்டையை மவுசால் இழுத்துவிட்டார். கூட்டத்தில் அவசரம், நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அடுத்த நாள் நான் டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து மறுபடி படம் எடுத்தபோது அவருடைய மாற்றம் காணாமல் போனது. அவர் சொன்ன தேதியை நம்பி இரண்டு பேர் வேலையை மாற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு படத்தின் மூலையிலேயே எந்தக் கோப்பிலிருந்து, எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்று அச்சடித்துவிடுகிறேன். படத்தில் மாற்றம் வேண்டும் என்றால் வரியைச் சொல்லுங்கள் என்கிறேன். முதலில் முகம் சுளித்தார்கள், இப்போது ‘அந்த வரியை மாற்றிவிட்டேன், பாருங்கள்’ என்று அவர்களே அனுப்புகிறார்கள்.

இன்னொரு புதிய பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேட்டால் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் ஒரு ஒழுங்கற்ற வேலைப் பட்டியலைக் கொடுத்து மெர்மெய்டாக மாற்றச் சொல்கிறார்கள் இளைஞர்கள். வடிவம் மாற்ற நல்ல உதவிதான், நானும் செய்கிறேன். ஆனால் எத்தனை நாள் என்று நாம் சொல்லாத இடத்தில் அது தானாக ஒரு எண்ணைப் போட்டுவிடும், இல்லாத சார்பையும் சேர்த்துவிடும். படம் வந்துவிட்டால் அந்த எண் யாரோ யோசித்துச் சொன்னதுபோலத் தோன்றும். வேலையைச் செய்யப்போகிறவர் வாயிலிருந்து வராத எண்ணைப் பட்டியலில் விடக் கூடாது. தெரியாத இடத்தில் நான் கேள்விக்குறி போட்டு வைப்பேன். கேள்விக்குறி இருக்கும்வரை அந்தப் பட்டியலிலிருந்து படம் எடுப்பதில்லை.

பத்துப் பன்னிரண்டு வேலைக்கு இவ்வளவு தேவையா என்று கேட்டால், மென்பொருள் தேவையில்லை என்றுதான் சொல்வேன். ஒரு தாளில் எழுதி, மேலே நான் செய்ததுபோல முன்னும் பின்னும் ஒருமுறை கூட்டிப் பார்த்தால் போதும். அப்போதும் எழுதுவது முதலில், கட்டம் போடுவது பிறகு. முப்பது நாற்பது வேலையைத் தாண்டினால், இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து திருத்தினால், கண்டிப்பாகக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டுரையை எழுதியவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. விரிதாள் எல்லோரிடமும் இருக்கிறது, அதில் தொடங்குவது இயல்பு. விரிதாளில்தான் செய்வேன் என்கிறவர்கள்கூட வண்ணத்துக்கு முன் இரண்டு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளலாம்: எத்தனை நாள், எதற்குப் பின். தொடக்க நாளைக் கையால் தட்டாமல், முந்தைய வேலையின் முடிவு நாளிலிருந்து சூத்திரத்தில் எடுத்துக்கொள்ளலாம். வண்ணத்தையும் நிபந்தனை வடிவமைப்பு போட்டுத் தானாக வரவைக்கலாம். அப்படிச் செய்திருந்தால் திரைக்குக் கீழே இருந்த என் பயிற்சி வரிசை தானாக நகர்ந்திருக்கும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக இன்னொன்றை வெளியிடுங்கள். அதில் இடப்பக்கம் ஒரு வேலைப் பட்டியலை எழுத்தில் அச்சிடுங்கள், வலப்பக்கம் அதிலிருந்து வந்த படத்தைப் போடுங்கள். அடுத்த வாரம் அதே பட்டியலில் ஒரே ஒரு வரியை மாற்றி, மறுபடி இரண்டையும் போடுங்கள். எந்தெந்தப் பட்டை நகர்ந்தது, எது அசையவில்லை என்று வாசகர்கள் தாங்களே விரலை வைத்துப் பார்க்கட்டும். வேண்டுமானால் இந்தக் கடிதத்தில் உள்ள நூலகப் பட்டியலையே எடுத்துக்கொள்ளலாம், சுத்தம் செய்யும் வரியில் 10-ஐ 13 ஆக்கினால் போதும். டாஸ்க்ஜக்லர், மெர்மெய்ட் இரண்டுக்குமான கோப்புகளை நான் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டால் அன்றே அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
ஒரு திட்ட ஒருங்கிணைப்பாளர், உங்கள் நெடுநாள் வாசகி